நீதியரசரின் ஐந்து வருடங்கள்

2013 ஆடி மாதம் எங்கள் ஊர் வாசிகசாலை இரண்டு பட்டு நின்றது. வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் வரப்போகிறது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் முதலமைச்சர் வேட்பாளர் யார் என்பதுதான் காலையும் மாலையும் பேச்சு. மாவை சேனாதிராஜாதான் பொருத்தம் என்று ஒரு பகுதி. இளமையிலேயே சிறைக்குப் போனவர், சனத்தோடு நின்றவர், கட்சிக்காரர் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடியவர். மற்றப் பகுதிக்கு ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன். நான் இரண்டாவது பகுதியில் இருந்தேன்.

"தம்பி, கொழும்பில பிறந்து, றோயல் கொலிஜில படிச்ச மனுசன். எங்கட சனத்தின்ர பாட்டை அவர் எங்க கண்டவர்?" என்று கேட்டார் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த மாஸ்டர்.

"மாஸ்டர், மல்லாகத்தில நீதவானா இருந்தவர். அதை விடுங்கோ, ஒரு நீதியரசர் எழுதிக் கேட்டா அரசாங்கம் பதில் சொல்லாமல் விடேலுமோ?" என்றேன்.

அந்தக் கேள்வியை நான் முழு நம்பிக்கையோடு கேட்டேன். யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் அதே நம்பிக்கையில் இருந்தார்கள். போர் முடிந்து நான்கு வருடம். ஆயுதம் போய்விட்டது, தலைவர்கள் போய்விட்டார்கள், காணிகள் இராணுவத்தின் கையில், பிள்ளைகள் எங்கே என்று தெரியாத தாய்மார் கையில் படத்தோடு அலைகிறார்கள். மிஞ்சியிருப்பது சட்டம் ஒன்றுதான் என்றால், சட்டம் தெரிந்தவர் ஒருவர் எங்களுக்காகப் பேசட்டும் என்று நினைத்தோம். கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தர் ஐயாவும் அவரைத்தான் கொண்டு வந்தார்.

அந்தத் தேர்தலுக்கு முன்பே அவருடைய பேச்சு முதல் சர்ச்சையைக் கிளப்பிவிட்டது. தமிழகக் கட்சிகள் எங்கள் பிரச்சினையைத் தங்கள் அரசியலுக்குப் பயன்படுத்துகின்றன என்று சென்னை ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னார். இது கணவன் மனைவிக்குள் வந்த சண்டை மாதிரி, சண்டை பிடிப்போம், சேருவோம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து விவாகரத்து எடு என்று சொல்லக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். தமிழகத்தில் பலர் கொதித்தார்கள். எங்களுக்காகத் தீக்குளித்தவர்கள் இருந்த மண் அது. அவர்களுக்கு நொந்தது நியாயம். ஆனால் இங்கே பலருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. சண்டையும் சமாதானமும் இங்கே இருக்கிறவனின் உயிரோடு போகிற விஷயம், அதை எங்களோடு இருந்து பேசுகிற ஒருவர் வந்திருக்கிறார் என்று எண்ணினோம். சிங்களவரோடு சம்பந்தம் செய்தவர் அவர். இடதுசாரித் தலைவர் வாசுதேவ நாணயக்கார அவருக்குச் சம்பந்தி. தெற்கோடு கதைக்க இவரை விடப் பொருத்தமானவர் இல்லை என்று நாங்கள் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாக்களிப்பு நாள் செப்ரெம்பர் 21. விடிய எழும்பிப் பார்த்தால் ஊருக்குள் 'உதயன்' பத்திரிகை மாதிரியே அச்சடித்த போலிப் பத்திரிகை ஒன்று கிடக்கிறது. கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கத்தோடு சேர்ந்துவிட்டார் என்று அதில் செய்தி. முதல்நாள் இரவுதான் அவருடைய வீடு தாக்கப்பட்டிருந்தது. அதை வாசித்துவிட்டும் சனம் வரிசையில் வந்து நின்றது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா, அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இது பொய்யெண்டு அச்சடிச்சவனுக்கே தெரியும்" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. 38 ஆசனத்தில் 30 கூட்டமைப்புக்கு. நூற்றுக்கு 78 வீதத்துக்கு மேல் வாக்கு. விக்னேஸ்வரனுக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 1,32,255 விருப்பு வாக்கு. அனந்திக்கு அடுத்த இடம்.

ஒக்டோபர் 7 ஆம் திகதி அவர் கொழும்பில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவுக்கு முன்னால் பதவிப் பிரமாணம் எடுத்தார். கூட்டமைப்புக்குள்ளேயே அது பிடிக்காதவர்கள் இருந்தார்கள். முள்ளிவாய்க்கால் நடந்தபோது நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவருக்கு முன்னால் போய் நிற்பதா என்ற கேள்வி வாசிகசாலையிலும் எழுந்தது. நல்லெண்ணத்தைக் காட்டுவதற்காக என்று அவர் விளக்கம் சொன்னார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அது பிழையென்று சொல்லமாட்டேன். கையை நீட்டிப் பார்த்தபிறகுதான் அது தட்டிவிடப்பட்டது என்று உலகத்துக்குச் சொல்லலாம்.

தட்டிவிடத்தான் பட்டது. 1987 இலங்கை - இந்திய ஒப்பந்தத்தின் பிள்ளையாகப் பிறந்தது அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம். மாகாண சபை அதன் கீழ் வருவது. சனம் தெரிந்தெடுப்பது சபையை. நிறைவேற்று அதிகாரம் இருப்பதோ ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநரிடம். அப்போது வடக்கின் ஆளுநர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி. முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைப்பதற்கான நியதிச்சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் காசைச் சட்டப்படி வாங்கி, விதவைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் வாழ்வாதாரம் கொடுக்கலாம் என்பது எண்ணம். நிதி சம்பந்தப்பட்ட நியதிச்சட்டத்துக்கு ஆளுநரின் சிபாரிசு வேண்டும். அது வரவில்லை. மாகாணத்தின் பிரதம செயலாளர் தன் சொற்படி நடக்கவேண்டும் என்று முதலமைச்சர் சுற்றறிக்கை விட்டார். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 இல் அவருக்கு எதிராகவே முடிந்தது. தான் இருந்து தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தில், தன் அலுவலகத்து அதிகாரி ஒருவரை வேலை வாங்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று அவர் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

இதற்குப் பிறகுதான் அவருடைய பேச்சு மாறத் தொடங்கியது என்பது என் கணிப்பு. 2014 நவம்பரில் சென்னைக்குப் போய், மனித உரிமை வழக்கறிஞர் கே. ஜி. கண்ணபிரான் நினைவுப் பேருரையில், 13 ஆவது திருத்தம் எங்களுக்கு இறுதித் தீர்வாகவே முடியாது என்று விளக்கிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் வராதே என்று ஒரு வருடத்துக்கு முன் சொன்னவர், அவர்களின் முற்றத்திலேயே நின்று வழக்கை எடுத்து வைத்தார். 2015 பெப்ரவரி 10 ஆம் திகதி, கைதடியில் இருக்கும் மாகாண சபைக் கட்டடத்தில், இலங்கையில் தமிழருக்கு நடந்தது இனப்படுகொலை என்ற தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். சுதந்திரம் கிடைத்த காலத்திலிருந்து நடந்தவற்றை நிரல்படுத்தி, ஐ.நா. விசாரணை அதை ஆராய வேண்டும் என்று கேட்கிற தீர்மானம். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

அன்று பின்னேரம் வாசிகசாலையில் யாரும் சத்தம் போட்டுக் கொண்டாடவில்லை. மாஸ்டர் பத்திரிகையை வாங்கி முழுத் தீர்மானத்தையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஒரு நீதிபதி எழுதின மாதிரித்தான் இருக்கு" என்றார். மாவைக்காக வாதாடிய மனிதர் அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தத் தீர்மானத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். நடந்ததை நடந்ததென்று, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபை, இந்தத் தீவுக்குள் இருந்துகொண்டே பதிந்து வைத்தது. தெற்கில் எத்தனை பேர் பொங்கினாலும் அந்தப் பதிவை அழிக்க முடியாது.

ஆனால் அந்தத் தீர்மானத்தோடு எங்களுக்கும் அவருக்கும் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. அவர் பேசுவார், நாங்கள் வாசிப்போம். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறும் குங்குமப் பொட்டும், குரு வணக்கச் சுலோகத்தோடு தொடங்கும் உரை. எழுதிக்கொண்டு வந்து வாசிப்பார். ஒரு சொல் தவறாது. வாரத்துக்கு ஒரு கேள்வி என்று பத்திரிகைகளுக்குப் பதில் எழுதி அனுப்புவார். சபையிலும் நூற்றுக்கணக்கில் தீர்மானங்கள் நிறைவேறின. தீர்மானம் என்பது கோரிக்கை. நியதிச்சட்டம் என்பது சட்டம். முதலாவது குவிந்தது, இரண்டாவது சொற்பமாகவே வந்தது. கொழும்பு தடுத்தது பாதிக் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பாதி எங்களுடையது.

சுன்னாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் சுற்றியிருக்கிற ஊர்களிலும் கிணற்று நீரில் மின்நிலையத்து எண்ணெய் கலந்து வருகிறது என்று சனம் கத்தத் தொடங்கியது அதே காலத்தில்தான். யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் தேங்கும் மழைத்தண்ணிதான் குடிக்கவும், வெங்காயத்துக்கு இறைக்கவும். வாளியைக் கிணற்றுக்குள் விட்டு இழுத்தால் தண்ணியின் மேல் நிறம் நிறமாக ஒரு படலம். வாயில் வைத்தால் மண்ணெண்ணெய் வாடை. ஒழுங்கை முடக்குகளில் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கிகள் வைத்தார்கள். பவுசர் வந்து நிரப்பும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் போத்தலோடு வரிசையில் நிற்பார்கள். தன் வளவுக்குள் கிணறு இருக்கிற யாழ்ப்பாணத்தான் குடிதண்ணிக்கு வரிசையில் நின்றான். மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. பயப்படும்படியான பாதிப்பு இல்லை என்ற தொனியில் அந்தக் குழு சொன்னதைச் சனம் நம்பவில்லை. கிணற்றடியில் வாடை வந்துகொண்டிருக்கும்போது எப்படி நம்பும்? கடைசியில் 2019 இல் உச்ச நீதிமன்றம்தான், தெற்கிலிருந்து ஒரு சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் போட்ட வழக்கில், மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தபோது மாகாண சபை கலைந்து ஆறு மாதம். எங்கள் சபையில் ஒரு நீதியரசர் இருந்தார்; எங்கள் கிணற்றுக்கான நியாயம் சிங்களவர் ஒருவர் போட்ட வழக்கில் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

வவுனியாப் பொருளாதார மத்திய நிலையமும் அப்படித்தான். விவசாயிகளின் விளைச்சலை மொத்தமாக வாங்கி விற்க ஒரு சந்தை. மத்திய அரசு காசு ஒதுக்கிவிட்டது. ஓமந்தையில் கட்டவேண்டும் என்று முதலமைச்சர் நின்றார். தாண்டிக்குளத்தில் என்று வேறு பகுதி நின்றது. 2016 முழுக்க அறிக்கை, பதில் அறிக்கை. இரண்டு இடத்திலும் இல்லாமல் மூன்றுமுறிப்பில் கட்டினார்கள். கட்டிய கட்டடம் வருடக்கணக்கில் திறக்கப்படாமல் பூட்டிக் கிடந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. அவர் பிரேமானந்தா சுவாமியின் பக்தர். சிறுமிகளை வல்லுறவு செய்ததாகவும் கொலைக்காகவும் தமிழகத்தில் தண்டிக்கப்பட்டவர் பிரேமானந்தா. அதே வழக்கில் தண்டனை அனுபவித்தவர்களை விடுவிக்கக் கேட்டு, முதலமைச்சராக இருந்த காலத்தில், இந்தியப் பிரதமருக்கு அவர் கடிதம் எழுதினார். ஒருவருடைய வழிபாடு அவருடைய சொந்த விஷயம். கடிதம் அப்படியல்ல. எங்கள் பெண்கள் போரில் பட்ட கொடுமைக்கு உலகத்திடம் நியாயம் கேட்ட அதே கை, அந்தக் கடிதத்தையும் எழுதியது. என் மனைவி அன்றைக்கே சொன்னார், இனி அந்த மனுசனுக்கு நான் புள்ளடி போடமாட்டேன் என்று. அவர் சொன்னபடியே நடந்தார். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை.

கட்சியோடு பிளவு எப்போது வந்தது என்று கேட்டால் 2015 ஆவணி என்பேன். பாராளுமன்றத் தேர்தலில் தன்னை முதலமைச்சராக்கிய கூட்டமைப்புக்கு அவர் வாக்குக் கேட்கவில்லை. சனம் வீட்டை விட்டு வெளியே வந்து வாக்களிக்க வேண்டும் என்பதாக அறிக்கை விட்டார். கூட்டமைப்பின் சின்னம் வீடு. தேத்தண்ணிக் கடையில் அந்த அறிக்கைக்கு ஆளாளுக்கு உரை சொன்னார்கள். அந்த வருட முடிவில் தமிழ் மக்கள் பேரவை பிறந்தது. அவர் அதன் இணைத் தலைவர். 2016 செப்ரெம்பர் 24 இல் 'எழுக தமிழ்' பேரணி. யாழ் முற்றவெளியில் ஆயிரக்கணக்கில் சனம். அன்று அவர் பேசியதைக் கேட்டுத் தெற்கு கொந்தளித்தது. சிங்களக் குடியேற்றம், இராணுவம் பிடித்த நிலம், தமிழர் இடங்களில் எழும்பும் புத்தர் சிலைகள் என்று அவர் சொன்ன குறைகள் எல்லாம் உண்மை. நாங்கள் சிங்களச் சகோதரர்களுக்கு எதிரானவர்கள் அல்ல என்றும் அதே மேடையில் சொன்னார்; அதைத் தெற்கில் பெரிதாக யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

2017 ஆனியில் நடந்தது இன்னும் மோசம். ஊழல் குற்றச்சாட்டை விசாரித்த குழுவின் அறிக்கையை வைத்து இரண்டு அமைச்சர்களைப் பதவி விலகச் சொன்னார். மற்ற இரண்டு பேரையும் விடுமுறையில் போகச் சொன்னார். அவருடைய சொந்தப் பக்கத்து உறுப்பினர்களே நம்பிக்கையில்லாப் பிரேரணையைக் கொண்டுபோய் இரவோடிரவாக ஆளுநரிடம் கொடுத்தார்கள். எந்த ஆளுநரின் அதிகாரத்துக்கு எதிராக நாங்கள் வாக்குப் போட்டோமோ, அந்த ஆளுநரின் கையில்! சனம் முதலமைச்சர் பக்கம் நின்றது; கடையடைப்பு நடந்தது; நல்லூரில் அவருடைய வீட்டுக்கு முன் இளைஞர்கள் கூடினார்கள். சம்பந்தரோடு கடிதப் போக்குவரத்து நடந்து பிரேரணை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் பின்னர் பதவி நீக்கப்பட்ட அமைச்சர் பா. டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை வந்தது, அதை மதிக்கவில்லை என்று நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் வந்தது. அந்த நீதிமன்றத்தில் ஒரு காலம் நீதிபதியாக இருந்தவர் அவர். ஐந்து வருடப் பதவிக்காலத்தின் கடைசி வருடம் அமைச்சர் யார், யார் இல்லை என்ற வழக்கிலேயே கழிந்தது.

2018 ஒக்டோபர் 24 ஆம் திகதி சபையின் காலம் முடிந்தது. அன்றைக்கே அவர் தமிழ் மக்கள் கூட்டணி என்று புதுக் கட்சி அறிவித்தார். 2020 ஆவணியில் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். இம்முறை விருப்பு வாக்கு 21,554. பாராளுமன்றம் கூடிய முதல் நாளே, புதிய சபாநாயகரை வாழ்த்தும்போது, இந்த நாட்டின் முதல் குடிகளுடைய மொழியும் உலகில் வாழும் மொழிகளில் மூத்த மொழியுமான என் தாய்மொழியில் வாழ்த்துகிறேன் என்ற கருத்துப்படச் சொன்னார். ஹன்சார்ட்டிலிருந்து நீக்கு என்று எதிர்க்கட்சிச் சிங்கள உறுப்பினர்கள் எழும்பினார்கள். வாழ்த்துரையைக் கூடத் தாங்க முடியாத ஒரு சபையை நினைத்து எனக்கு அன்று கோபம்தான் வந்தது. ஆனால் அதே வாரத்தில் மயிலிட்டிப் பக்கத்து மீனவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஐயா, அவர் சொன்னது சரி. இழுவைப் படகு வந்து என்ர வலையை அறுத்துக்கொண்டு போகுது. அதுக்கு என்ன சொன்னவர்?" அவருக்குக் கொடுக்க என்னிடம் பதில் இல்லை.

2022 ஆடி 20, ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச ஓடிப்போன பிறகு பாராளுமன்றத்தில் ஜனாதிபதித் தெரிவு. விக்னேஸ்வரன் ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தார். 2015 இல் ரணில் பிரதமராக இருந்தபோது இருவரும் பகிரங்கமாகவே முரண்பட்டவர்கள். அவருக்கும் காரணம் இருந்திருக்கும். அரசியல் கைதிகள், காணி என்று கோரிக்கைகள் வைத்தார். 2024 இல் தமிழ்ப் பொது வேட்பாளரை ஆதரித்தார். அந்த வருட நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனத்தில் 3 ஐ, தெற்கிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி எடுத்தது. 2013 இல் நூற்றுக்கு எண்பது பேர் ஒரு பக்கம் நின்ற மாவட்டம்.

அவரை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. எழுபத்து நான்காவது வயதில், ஓய்வூதியத்தோடு கொழும்பில் நிம்மதியாக இருந்திருக்கக் கூடிய மனிதர் எங்களிடம் வந்தார். பணம் சேர்க்கவில்லை. மிரட்டலுக்குப் பயந்து சொன்னதை விழுங்கவில்லை. அவர் பேசிய பல விஷயம் சொல்லப்பட வேண்டியவை. சொல்ல வேறு யாருக்கும் அந்தத் துணிவும் அந்த ஆங்கிலமும் இருக்கவில்லை. ஆனால் நிர்வாகம் செய்ய அனுப்பியவரை நாங்கள் பேச்சாளராகவே வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு உரைக்கும் கைதட்டினோம். ஒரு முறையாவது வாசிகசாலையிலிருந்து பத்துப் பேர் கைதடிக்குப் போய், சுன்னாகக் கிணறு என்ன ஆச்சுது, நியதிச்சட்டம் எத்தனை வந்தது என்று கேட்கவில்லை.

இதற்கிடையில் சபையே போய்விட்டது. 2017 இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள், கூட்டமைப்பும் கையுயர்த்தியது. 2018 ஆவணியில் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. நாட்டின் ஒன்பது மாகாணத்திலும் ஆளுநர்தான் ஆட்சி. மற்ற ஏழு மாகாணத்துக்கும் அது ஒரு நிர்வாகக் குறை. வடக்குக்கும் கிழக்குக்கும் அப்படியல்ல. அந்தச் சபைக்காக ஒரு ஒப்பந்தம் எழுதப்பட்டது, அதன் பேரில் எத்தனை உயிர் போனது.

வாசிகசாலைக்கு வருகிற இளம் பிள்ளைகளில் பலருக்கு மாகாண சபையில் யார் இருந்தார்கள் என்றே தெரியாது. முதல் வாக்குப் போட வயது வந்து இரண்டு தேர்தல் கண்ட பிள்ளைக்கு, தன் மாகாணத்துக்கு வாக்களித்த அனுபவம் கிடையாது. அவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். அந்தச் சபையின் அதிகாரம் போதாது என்பது உண்மை. விக்னேஸ்வரன் அதை எழுத்தில் நிறுவிவிட்டார். போதாத அதிகாரத்தையும் கேட்டு வாங்குங்கள். அரசாங்கத்தை மாகாண சபைத் தேர்தலை வைக்கச் சொல்லுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம், என்ன பேசுவீர்கள் என்று கேட்காதீர்கள். முதல் வருடத்தில் எந்த நியதிச்சட்டத்தைக் கொண்டுவருவீர்கள், ஆளுநர் மறித்தால் அடுத்த படி என்ன என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கி வையுங்கள்.